ஒப்புக்கு ஒன்று

எகிபாஸ்துஸில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கண்டெய்னருக்குள் முப்பத்தெட்டு.
நடுவே ஒரு தகரக் கதவு.
அதைத் திறந்து மூடத்தான் எனக்குச் சம்பளம்
என்பான் எலெக்ட்ரீஷியன் தோலெகன்.

இரவு பதினொன்றே காலுக்கு
அல்மாத்தியிலிருந்து கைரொல்லா அழைக்கிறார்.
பின்னணியில் கரண்டிச் சத்தம், யாருக்கோ பிறந்தநாள்.
"ஷொல்பான், அந்த பிட்டை ஏற்றிவிடு.
ஊரே ஏற்றியாயிற்று. நாம் மட்டும் சுழியமாய் நிற்கிறோம்."

ஒவ்வொரு பிளாக்கின் நெற்றியிலும்
முப்பத்திரண்டு பொட்டு வைக்க இடமுண்டு.
அவற்றில் குறித்த ஒன்றை ஒன்றாக்கினால்
புது விதிக்கு நான் தயார் என்று பொருள்.
விதி நல்லதா என்று யாரும் கேட்பதில்லை.
கிளம்பும் பேருந்தில் நடத்துனர்
"எல்லாரும் ஏறியாச்சா?" என்னும்போது
கூட்டத்துக்குள்ளிருந்து வருமே ஒரு குரல்,
அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பதினாறு பிளாக்குகள்,
ஏறக்குறைய இரண்டு வாரம்.
நூற்றுக்குத் தொண்ணூறு குரல் வந்தால் வண்டி நகரும்.
வராவிட்டால் எண்ணியதெல்லாம் அழிந்து
மறுபடி ஒன்றிலிருந்து.

"புது மென்பொருளை நாம் இன்னும் போடவே இல்லையே."
"அது அப்புறம். முதலில் கையைத் தூக்கு."

தூக்கினேன்.
ஒரு வரி, ஒரு என்டர்.
டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நாலாயிரத்து இருநூறு மெஷின் இருந்தும்
மாதத்துக்கு இரண்டோ மூன்றோ பிளாக்தான் எங்களுக்கு வாய்க்கும்.
ஆகவே பொய் பாட்டுக்குப் பையிலேயே கிடக்கும்,
மாற்றாத கள்ளநோட்டுப் போல,
என்று நினைத்தேன்.

மூன்று நாற்பதுக்கு விழுந்தது பிளாக்.
தோலெகன் கையுறையோடு கைதட்டினான், பஞ்சு அடிப்பதுபோல.
திரையில் எங்கள் பெயர், எங்கள் நெற்றி,
அதில் அந்த ஒன்று.
பெர்கனில், அசுன்சியோனில்,
டெக்சாஸின் ஏதோ ஒரு கொட்டகையில்
யார் யாரோ அதைக் கூட்டிக்கொண்டார்கள்:
ஆயிரத்து எழுநூற்று ஆறு.
கூட்டுகிறவர்களுக்கு நெற்றிதான் தெரியும்.

ஆட்டத்தில் ஆள் குறைந்தால்
ஒப்புக்கு ஒருத்தியை நிறுத்துவோம்,
அவள் பிடிபட்டாலும் கணக்கில்லை.
இங்கே கணக்குண்டு.
விதி மாறிய பிறகும் பழைய கண்ணோடு நிற்பவள்
செல்லாத பிளாக்கைச் செல்லும் என்று நம்பி
அதன்மேல் தன்னுடையதை அடுக்குவாள்.
நம்மை நம்பிப் பணம் வாங்கியவன்
விடிந்ததும் இல்லாததை எண்ணிக்கொண்டிருப்பான்.

நாலு மணிக்குப் புதியதை ஏற்றத் தொடங்கினேன்.
அது யாரையும் நம்பாத பிறவி.
முதல் பிளாக்கிலிருந்து ஒவ்வொன்றாய்த்
தானே தொட்டுப் பார்த்தால்தான் ஆயிற்று.
பன்னிரண்டு சதம். பன்னிரண்டு புள்ளி மூன்று.

மறுநாள் மாலை, அறுபத்தொன்றில்,
மின்சாரத்தை எங்களுக்கு மட்டும் நிறுத்தினார்கள்.
கடுங்குளிரில் முதல் வெட்டு எங்களுக்குத்தான்.
வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள், நியாயம்தான்.

அத்தனை விசிறிகளும் ஓய்ந்தபின்
காது கொஞ்ச நேரம் இல்லாத இரைச்சலைக் கேட்டது.
அப்புறம் சிட்டுக்குருவிகளைக் கேட்டது.
அனல் கக்கும் துவாரத்தில் கூடு கட்டியிருந்தவை.
தயாரா என்று
அவற்றை யாரும் கேட்டிருக்கவில்லை.

நான்காம் நாள் மின்சாரம் திரும்பியபோது
வண்டி நகர்ந்திருந்தது.
தொண்ணூற்றிரண்டு சதம். விதி பூட்டியாயிற்று,
அமலாக இன்னும் பதினோரு நாள்.
கைரொல்லா கேட்டார்: "நம்முடையதும் சேர்ந்ததா?"
"சேர்ந்தது."
"அப்பாடா" என்று வைத்துவிட்டார்.

வட்டில் பாதி சிதைந்திருந்தது.
மறுபடி முதல் பிளாக்கிலிருந்து தொடங்கினேன்.
கதவோரம் விறைத்துக் கிடந்த மூன்று குருவிகளைத்
தோலெகன் கையுறையில் அள்ளி வந்து
அப்போதுதான் சூடேறிய மெஷினின் முன் வைத்தான்.

திரையில் சுழியம் புள்ளி நான்கு.
ஒன்று அசைந்தது.
மற்ற இரண்டையும்
பார்த்துக்கொண்டே நிற்கிறோம்.